உப்பிருக்கா, வீங்கிருக்கா, பருத்திருக்கா? குண்டா இருக்கறத எழுத்துல சரியா கொண்டு வர்றது எப்படி

போன வருஷம் ஒரு அடினியம் செடி வாங்கலாம்னு நர்சரிக்குப் போயிருந்தேன். பாலைவன ரோஜான்னு சொல்லுவாங்களே அதுதான், அடித்தண்டு மட்டும் யானைக்கால் மாதிரி தடியா இருக்கும், அதுக்கு மேல ரெண்டு மூணு குச்சி, குச்சி நுனியில ரோஸ் கலர்ல பூ. நான் போய் "அண்ணே, அந்த அடி வீங்கின செடி எவ்வளவு"ன்னு கேட்டுட்டேன். மனுஷனுக்கு மூஞ்சியே மாறிப்போச்சு. "வீங்கினதெல்லாம் நம்மகிட்ட கிடையாதும்மா, எல்லாம் நல்ல செடி, இது அடி பருத்திருக்கு"ன்னாரு. சிரிச்சு சமாளிச்சுட்டு வந்துட்டேன், ஆனா பஸ்ல வர்றப்போ யோசிச்சுப் பாத்தா அவரு சொன்னதுதான் சரி. வீங்கிருக்குன்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். பருத்திருக்குன்னா நல்லா வளந்திருக்குன்னு அர்த்தம். கண்ணுக்கு ரெண்டும் ஒரே உருண்டைதான்.

நான் கதை எழுதுவேன், கொஞ்சம் செடி கொடி படமும் வரைவேன், அதனால புதுசா எழுதுறவங்க அனுப்புறத நிறைய படிக்கறேன். அதுல பத்துக்கு எட்டு பேரு காயா இருந்தாலும் கன்னமா இருந்தாலும் "குண்டா இருந்தது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. இத்தனைக்கும் வீட்டுல பேசும்போது அவங்களே விதவிதமா சொல்லுவாங்க, எழுத உக்காந்தா மட்டும் எல்லாம் காணாம போயிடுது. அதுக்காகத்தான் இது.

மொதல்ல ஒண்ணு, வடிவம் என்னன்னு யோசிக்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு யோசிங்க. காத்தா, தண்ணியா, சதையா, இல்ல அடியில வேற ஏதாவது இருந்து முட்டுதா. தமிழ்ல வினைச்சொல்லு அதை வச்சுதான் பிரியுது. பூரி உப்புது, வயித்துல கேஸ் சேந்தா வயிறு உப்பிக்குது, உப்புசம்னே பேரு, இது காத்து சமாச்சாரம். கொசு கடிச்சா, அடிபட்டா, பல்லு வலிச்சா வீங்குது, அங்க நீர் கோத்துருக்கு, கூடவே வலியோ பிரச்சனையோ இருக்கு. சதை போட்டு காலப்போக்குல பெருசானா பருக்குது, பெருக்குது. இலங்கையில மன்னார்ல ஆனைப்புளி மரத்துக்கு பெருக்கமரம்னே பேரு, அந்த அடிமரத்தை பாத்தா வேற என்ன பேரு வைக்கறது. உள்ள பால் பிடிச்சு, மணி கட்டி, நிறைஞ்சு வந்தா திரளுது, நெல்லு மணி திரண்டிருக்கு, திராட்சை திரண்டிருக்குன்னு சொல்றோம்ல. தோலுக்கு அடியில இருந்து ஏதோ ஒண்ணு தள்ளினா புடைக்குது, கழுத்து நரம்பு புடைக்கும், ஆலமரத்து வேர் சிமெண்ட் தரையை புடைச்சு தூக்கிரும். கோவத்துல மூக்கு மட்டும் விடைக்கும், வேற எதுக்கும் அந்த வார்த்தை அவ்வளவா ஒட்டாது.

இந்த அஞ்சாறு வினையை மட்டும் சரியா போட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. "பூசணிக்காய் வீங்கியிருந்தது"ன்னு ஒருத்தர் எழுதிருந்தாரு, படிச்சதும் எனக்கு அந்தக் காயை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு தோணிச்சு.

ஒரு காயை கையில எடுத்து வச்சு பாப்போம். முடக்கத்தான். தோசைக்கு அரைக்கறோமே அந்தக் கீரைதான், வேலியில தானா படர்ந்து கிடக்கும், அதோட காயை யாரும் சட்டை பண்றதில்ல. சாதாரணமா எழுதினா "சின்னதா பலூன் மாதிரி பச்சைக் காய்"னு எழுதிட்டுப் போயிருவோம். தப்பில்ல, ஆனா பலூனுக்கு மூணு பக்கம் கிடையாது. இந்தக் காயை காம்போட பறிச்சு வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சீங்கன்னா தோலு அவ்வளவு மெல்லிசு, நரம்பெல்லாம் தெரியும், உள்ள நிழலா விதை தெரியும். நல்லா கவனிச்சா மூணு அறை, ஒவ்வொரு அறையும் தனித்தனியா உப்பி, ரெண்டு அறை சேர்ற இடத்துல மட்டும் தையல் போட்ட மாதிரி அமுங்கியிருக்கும். காம்புப் பக்கம் ஒடுங்கி, கீழ வர வர அகலமாயிருக்கும். விரலால அமுக்குனா மொதல்ல உள்ள போய்ட்டு அப்புறம் "பட்"னு வெடிக்கும், அந்த சத்தமே சொல்லிரும் உள்ள வெறும் காத்துதான்னு. காய்ஞ்சு பழுப்பானதை பிரிச்சா அறைக்கு ஒண்ணா கருப்பு விதை, ஒவ்வொண்ணுலயும் வெள்ளையா இதயம் வரைஞ்ச மாதிரி ஒரு அச்சு. இப்போ இதை எழுதுங்க: "மூணு பக்கமும் உப்பி, தையல் விழுந்த எடத்துல அமுங்கி, அமுக்குனா பட்டுனு உடையற காய்." உப்பி, அமுங்கி, உடையற, மூணு வினைதான், பலூனே தேவைப்படல.

உப்பியிருக்கற இடத்தை மட்டும் எழுதாம பக்கத்துல அமுங்கியிருக்கற இடத்தையும் எழுதணும்ங்கறதை இந்தக் காய்தான் எனக்குக் கத்துக்குடுத்துச்சு. எது தாழ்ந்திருக்குன்னு சொன்னாதான் எது எழும்பியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். படம் வரையறவங்களுக்கு இது தெரியும், நிழல் போடாம உருண்டை வராது.

காத்தடைச்ச மத்த ஆளுங்களும் இருக்காங்க. சொடக்குத் தக்காளி, சின்ன வயசுல நெத்தியில அடிச்சு டப்புனு உடைச்சு விளையாடுவோமே, அதுல உப்பியிருக்கறது பழமே இல்ல, பூவோட புல்லி இதழ் வளந்து பை மாதிரி மூடிக்கிட்டது, பழம் உள்ள கோலிகுண்டு சைஸ்ல தனியா உக்காந்திருக்கும். கிலுகிலுப்பைன்னு ஒரு செடி, காய் உப்பி காய்ஞ்சதும் விதை உள்ள உருண்டு சத்தம் போடும், பேரு அதுல வந்ததுதான். ஏரியெல்லாம் மூடிக்கிடக்கற ஆகாயத்தாமரைக்கு வெங்காயத்தாமரைன்னு இன்னொரு பேரு இருக்கு ஏன்னு பாத்திருக்கீங்களா, இலைக்காம்பு நடுவுல சின்ன வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், வெட்டுனா உள்ள ஸ்பாஞ்ச், அதுலதான் மிதக்குது. நெருக்கமா அடைஞ்சு வளந்துட்டா காம்பு நீளமாயிரும், அந்த உப்பல் குறைஞ்சுரும். ஊர்க்காரங்க பேரு வைக்கும்போதே பாதி வர்ணனையை முடிச்சு வச்சிருக்காங்க. குண்டுமல்லி, குடமிளகாய், ராமநாதபுரம் முண்டு மிளகாய், எல்லாமே வடிவத்தை சொல்ற பேருதான்.

அடுத்து, உடம்புல எந்தப் பாகம் பெருத்துருக்குன்னு சொல்லணும். செடிக்கும்தான், முகத்துக்கும்தான். நூல்கோல் பாத்தா கிழங்கு மாதிரி இருக்கு ஆனா மண்ணுக்கு மேல உக்காந்திருக்கும், அது பருத்த தண்டு, இலை விழுந்த தழும்பு சுத்தி தெரியும். உருளைக்கிழங்கும் தண்டுதான், கண்ணு கண்ணா இருக்கே அதுல இருந்து முளை வரும். சக்கரவள்ளிக்கிழங்கு வேர். வெங்காயம் இலையோட அடிப்பாகம் சதைப்பிடிச்சு ஒண்ணு மேல ஒண்ணா சுத்தினது. முந்திரிப்பழத்துல நாம கடிச்சு சாப்பிடற சாறு உள்ள பாகம் காம்பு பெருத்தது, நிஜக் காய் கீழ வாலு மாதிரி தொங்கற கொட்டைதான். இதெல்லாம் தாவரவியல் பாடம் மாதிரி இருக்குன்னு தள்ளிறாதீங்க, "காம்பு பருத்து பழமான மாதிரி"ன்னு ஒரு வரி எழுத இது தெரிஞ்சிருக்கணும்.

எந்த எடத்துல ரொம்ப பெருசுன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு குறுக்கு வழி இருக்கு, வீட்டுல இருக்கற பாத்திரம், பலகாரம், விளையாட்டு சாமான். சொம்புன்னா கழுத்து ஒடுங்கி கீழ உருண்டு இருக்கும், சில சுரைக்காய் அப்படித்தான். பானைன்னா வயிறு தள்ளின உருண்டை. பம்பரம்னா மேல அகலம், கீழ கூர், பீட்ரூட்டு, சில முள்ளங்கி. இட்லின்னா ஓரம் மெலிசு நடு மேடு, ரெண்டு பக்கமும் அப்படி, மொச்சைக்கொட்டைக்கு இதுதான் சரி. கொழுக்கட்டைன்னா உருண்டு வந்து உச்சியில மட்டும் கூரு. பன்னுன்னா மேல மட்டும் எழும்பி அடி தட்டை. படிக்கறவங்க வீட்டுல இருக்கற பொருளா இருக்கணும், அதுதான் முக்கியம், நான் ஒரு தடவை "உலக்கைப்பூண் மாதிரி"ன்னு எழுதி கமெண்டுல அஞ்சு பேரு அது என்னன்னு கேட்டாங்க.

தொட்டா எப்படி இருக்கும்ங்கறது அடுத்த வேலை. இங்க நம்ம மொழி பணக்கார மொழி. கிண்ணுன்னு இருக்குன்னா காத்தோ சதையோ இறுக்கமா நிறைஞ்சிருக்கு. மெத்துன்னா அமுக்குனா உள்ள போய் திரும்ப வரும். பொதபொதன்னா உள்ள போகும், திரும்ப வர மனசில்லாம கிடக்கும், அழுக ஆரம்பிச்ச தக்காளி. தளதளன்னா தோலு மினுமினுன்னு உள்ள சாறு. தொளதொளன்னா நிறைஞ்சிருந்தது குறைஞ்சு தோலு மட்டும் மிச்சம். இதுல ஒரு ஆபத்து இருக்கு, சொல்லியே ஆகணும். சித்தி பொண்ணோட குழந்தை ஃபோட்டோவுக்கு கீழ அவசரத்துல "செல்லம் கன்னம் கொழகொழன்னு இருக்கு"ன்னு டைப் பண்ணிட்டேன். கொழுகொழுன்னு இருக்கணும். ரெண்டு உகரம் விட்டுப்போனா குழந்தை கன்னம் வெண்டைக்காய் ஆயிருது. சித்தி ரெண்டு நாள் பேசல.

முகத்துக்கு வருவோம். இங்க நிறைய பேரு ரெண்டு விஷயத்தை குழப்பிக்கறாங்க. வட்ட முகம் வேற, உப்பின முகம் வேற. வட்டம்ங்கறது முன்னாடி நின்னு பாத்தா தெரியற ஓரக்கோடு. உப்பல்ங்கறது பக்கவாட்டுல நின்னு பாத்தா தெரியற மேடு. நிலா மாதிரி முகம்னு எழுதினா வட்டம் மட்டும்தான் கிடைக்கும், நிலா நம்ம கண்ணுக்கு தட்டு மாதிரிதானே தெரியுது. ஒல்லியா ஒட்டின கன்னத்தோட வட்ட முகம் இருக்கற ஆளும் உண்டு, நீள முகத்துல கன்னம் மட்டும் எழும்பி இருக்கற ஆளும் உண்டு. அதனால ஒரு தடவை நேரா பாருங்க, ஒரு தடவை சைடுல பாருங்க, ரெண்டு வரி தனியா எழுதுங்க.

அப்புறம் மேடு எங்கங்கறது. கண்ணுக்குக் கீழயா, மேல்கன்னத்துலயா, தாடை மூலையிலயா, தாடைக்கு அடியிலயா. குழந்தைக்கு கன்னத்துக்குள்ள ஒரு கொழுப்பு மெத்தை இருக்கு, பால் உறிஞ்சும்போது கன்னம் உள்ள ஒட்டிக்காம இருக்க அது உதவுது, அதனால குழந்தைக் கன்னம் வாய் ஓரம் வரைக்கும் கீழ இறங்கி திரண்டிருக்கும். பெரியவங்களுக்கு சிரிக்கும்போது மட்டும் மேல்கன்னம் திரண்டு ஏறி கண்ணை சுருக்கும். "அவ சிரிச்சா"ன்னு எழுதறதுக்கு பதிலா கன்னம் ஏறுனதை எழுதுங்க, சிரிப்பு தானா வந்துரும். கோவத்துல உம்முன்னு இருக்கறவங்களுக்கு கன்னம் இல்ல, உதடும் அதுக்குக் கீழயும்தான் உப்பும். வெத்தலை போடறவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும், அதுக்கு அதக்கறதுன்னு தனி வார்த்தையே இருக்கு, எங்க தாத்தா பேசிக்கிட்டே வெத்தலையை இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்துவாரு, மேடு அங்க இருந்து இங்க ஓடும், பேச்சு நிக்காது. ஒரு ஆளை அடையாளம் காட்ட அது ஒண்ணு போதும்.

ஒரு விஷயம் எனக்கு பிடிக்காது, சொல்லிடறேன். பூசணிக்காய் மூஞ்சி, பன்னு மூஞ்சின்னு ஆளை காயோட ஒப்பிட்டு எழுதி சிரிக்க வைக்கறது. பழைய காமெடி டிராக் வேலை அது. காயோட ஒப்பிடக்கூடாதுன்னு சொல்லல, எந்த எடம் எந்த மாதிரின்னு குறிப்பா சொன்னா அது வர்ணனை, மொத்த மூஞ்சியையும் ஒரு காய்ல அடைச்சா அது கிண்டல்.

இப்போ நிஜமாவே வீங்கின முகம். இது எழுதறவங்களுக்கு மட்டுமில்ல, வீட்டுல யாருக்காவது முடியலைன்னா டாக்டர்கிட்ட ஃபோன்ல சொல்றதுக்கும் உதவும். எங்க அத்தைக்கு ஒரு மாசம் முகம் ஒரு மாதிரி இருந்துச்சு, எல்லாரும் "அத்தை குண்டாயிட்டாங்க, ஊருக்குப் போய் நல்லா சாப்பிட்டாங்க"ன்னு கேலி பண்ணிக்கிட்டு இருந்தோம், நானும்தான். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "காலையில ஜாஸ்தியா, சாயங்காலம் ஜாஸ்தியா?" காலையில எந்திரிச்சதும் கண்ணு ரப்பை ரெண்டும் பொங்கி கண்ணு கோடா இருக்கும், மத்தியானத்துக்குள்ள வடிஞ்சுரும்னு அத்தை சொன்னப்புறம்தான் யூரின் டெஸ்ட் எழுதிக்குடுத்தாங்க, கிட்னியில இருந்து புரோட்டீன் போய்க்கிட்டு இருந்துச்சு. கொழுப்புன்னா காலையில ஏறி மத்தியானம் இறங்காது. நாங்க குண்டுன்னு சொன்ன வார்த்தைதான் ஒரு மாசத்தை தின்னுது.

அதனால வீக்கத்தை சொல்லும்போது நேரம் சொல்லுங்க, ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு சொல்லுங்க, விரலால அமுக்கி எடுத்தா குழி நிக்குதா உடனே மேல வருதான்னு சொல்லுங்க. பல்லு வேர்ல சீழ் வச்சா ஒரு பக்கம், தொட விடமாட்டாங்க, தோலு சிவந்து சூடா இருக்கும். பொன்னுக்கு வீங்கின்னா காதுக்கு முன்னாடியும் கீழயும் உள்ள உமிழ்நீர் சுரப்பி வீங்கறது, தாடை மூலையே தெரியாம மூடிக்கும், பின்னாடி நின்னு பாத்தா காது மடல் வெளிப்பக்கம் தள்ளி தூக்கிக்கிட்டு இருக்கும், சாதாரண கன்ன வீக்கத்துல காது நகராது. முன்கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு சுரப்பி வீங்கறது, தண்ணி குடிச்சு முழுங்கும்போது கூடவே மேல ஏறி இறங்கும். ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டவங்களுக்கு கன்னம் ரெண்டும் பக்கவாட்டுல நிறைஞ்சு, நேரா பாத்தா சில பேருக்கு காதே தெரியாது. அமெரிக்க மூளை சர்ஜன் ஹார்வி குஷிங் 1932-ல விளக்கி எழுதின நோய்லயும் இதே முகம்தான். உதடும் நாக்கும் திடீர்னு தடிச்சு மூச்சு இழுத்துச்சுன்னா வர்ணிச்சுக்கிட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

சின்ன மேடுகளுக்கும் இதே கதைதான். தண்ணி இருந்தா கொப்புளம், சீழோ கெட்டியோ இருந்தா கட்டி, அகலமா லேசா எழும்பினா தடிப்பு, ரொம்ப நாளா வலியில்லாம உக்காந்திருந்தா கழலை, சொரசொரன்னு இருந்தா மரு. செடிக்கும் இதை அப்படியே தூக்கிப் போடலாம். புங்கமர இலையை பாருங்க, பரு பருவா எழும்பியிருக்கும், காய்ன்னு நினைக்கறவங்க உண்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன் உள்ள குடியிருக்கறதுக்காக இலையை அப்படி வளர வச்சிருக்கு. நீலகிரி பக்கம் தேயிலைக்கு கொப்புள நோய்னு ஒரு பூஞ்சாணம் வரும், இலைக்கு மேல வட்டமா குழி, அதே எடத்துல அடிப்பக்கம் மேடு, ஒரு பக்கம் மட்டும் பாத்து எழுதினா தப்பாயிரும். கடலைச் செடியை பிடுங்கினா வேர்ல குட்டி குட்டி உருண்டை, அது நல்லது, தழைச்சத்து சேக்கற பாக்டீரியா உள்ள வேர்முண்டு, விரலால தட்டுனா உதிரும், நசுக்குனா உள்ள ரோஸ் கலர். தக்காளிச் செடியை பிடுங்கினா முடிச்சு முடிச்சா இருந்தா அது நூற்புழு, அங்க வேரே வீங்கிருக்கு, தட்டுனா உதிராது. "வேர்ல உருண்டை ஒட்டியிருக்கு"ன்னு எழுதினா ஒரு செடி, "வேர் வீங்கி முடிச்சு விழுந்திருக்கு"ன்னு எழுதினா வேற செடி. நர்சரிக்காரர் என்னை முறைச்சதுல நியாயம் இருக்குல்ல.

முகத்துக்கும் செடிக்கும் வார்த்தை கடன் வாங்கறதை தயங்காம பண்ணுங்க, நம்ம ஆளுங்க எப்பவோ பண்ணிட்டாங்க. கரும்புக்கும் மூங்கிலுக்கும் இருக்கற கணு நம்ம கால்ல கணுக்கால் ஆயிருச்சு. நெல்லு கதிர் வெளிய வர்றதுக்கு முன்னாடி மேல் இலை உறைக்குள்ள புடைச்சு நிக்கற பருவத்தை தொண்டைக்கதிர்னு சொல்றாங்க, அந்தப் பயிரை ஒரு தடவை பக்கத்துல குனிஞ்சு பாத்தீங்கன்னா முழுங்கிட்டு முழிக்கற ஆளோட கழுத்து மாதிரியே இருக்கும்.

ப்ராக்டீஸுக்கு ஒண்ணு சொல்றேன், செலவில்லாதது. ராத்திரி கொண்டைக்கடலை ஊறப்போடுங்க. போடறதுக்கு முன்னாடி ஒண்ணை எடுத்து அஞ்சு வரி எழுதுங்க, சுருக்கம், வரி, கூரு எல்லாம். காலையில அதே கடலையை எடுத்து இன்னொரு அஞ்சு வரி. நான் மேல சொன்ன கணக்குப்படி தண்ணி குடிச்சதுக்கு வீங்கிருக்குன்னு எழுதணும், ஆனா எந்த வீட்டுலயும் அப்படி சொல்லமாட்டாங்க, ஊறி உப்பிருக்குன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அதுல கோளாறு ஒண்ணுமில்ல. கணக்குக்கும் வாய்வழக்குக்கும் சண்டை வந்தா வாய்வழக்கு பக்கம் நில்லுங்க. இன்னும் ஒரு நாள் ஈரத்துணியில கட்டி வச்சுட்டு பாருங்க, அந்தக் கூரு பக்கத்துல தோலைப் புடைச்சுக்கிட்டு முளை எட்டிப் பாக்கும். அந்தக் கூருக்கு மூக்குன்னு பேரு, அதனாலதான் சில ஊர்ல அது மூக்கடலை.